தலைவலி வந்த நாட்கள்: முகாமில் வளரும் ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

பள்ளியிலிருந்து எனக்கு வந்த பரிந்துரை தம்பியைப் பற்றியது. பத்தாம் வகுப்பு, பதினைந்து வயது. வாரத்தில் ஒருநாள் இரண்டு நாள் வருவதில்லை, கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான், நகக்கண்ணில் பெயின்ட் கறையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்கிறான், போன வாரம் கூடப் படிக்கிற ஒருவனின் சட்டையைப் பிடித்துவிட்டான். "கவுன்சலிங் குடுங்க மேடம், சரிவரலைன்னா டி.சி.யக் குடுத்துருவோம்" என்றார்கள்.

பெற்றோரை வரச் சொன்னேன். வந்தது அவனுடைய அக்கா. அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, பதினேழு வயது, வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அப்பா வேலைக்காக வெளியூரில், அம்மாவுக்குக் கடையில் லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டு, தம்பி ஏன் வரவில்லை, இனி எப்படி வருவான் என்று எல்லாவற்றுக்கும் அவளே பொறுப்பாகப் பதில் சொன்னாள். தம்பியின் விடுப்புக் கடிதங்களை எழுதியதும் அவள்தான். கீழே இருந்த அப்பாவின் கையெழுத்தும் கொஞ்சம் அவள் எழுத்துப் போலவே இருந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

அவள் போன பிறகு உடற்கல்வி ஆசிரியர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: "இந்தப் பிள்ளை பிரேயர்ல ரெண்டு தடவ மயங்கி விழுந்துருச்சு மேடம். வெறும் வயித்தோட வந்திருக்கும்." பள்ளி கவலைப்பட்டது தம்பியைப் பற்றி. உடைந்துகொண்டிருந்தது அக்கா.

இருவரும் இலங்கைத் தமிழர் முகாமில் வளர்கிற பிள்ளைகள். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என மூன்று முகாம்கள் உண்டு. இது எது என்று சொல்லப்போவதில்லை; ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய மற்ற விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வீட்டில் அம்மம்மா கூப்பிடுவது போலவே இங்கும் அவளை மூத்தவள், அவனை இளையவன் என்கிறேன். எழுதுவதற்குக் குடும்பம் சம்மதித்தது. மூத்தவள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்: "பாவம்ங்கிற மாதிரி எழுதிறாதீங்க மிஸ்."

குடும்பமும் காகிதங்களும்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கிய வருகை 1990-ல் போர் மறுபடி மூண்டபோது இன்னொரு அலையாக வந்தது. மூத்தவளின் அம்மா அந்த இரண்டாவது அலையில் தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து தோணியில் வந்த இரண்டு வயதுக் குழந்தை. அப்பா அதே ஆண்டு ஐந்து வயதில் வந்தவர். முதலில் மண்டபம் முகாம், பிறகு மதுரை. இருவரும் இங்கேயே வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிள்ளைகள் இருவரும் பிறந்தது மதுரையில்.

இங்கே பிறந்தால் இந்த நாட்டுப் பிள்ளைதானே என்று ஆசிரியர் அறையில் ஒருவர் என்னிடம் கேட்டார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு விதி இன்னும் இறுகியது: பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். மூத்தவள் 2007-ல் பிறந்தவள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தேதிக் கணக்குதான் அவரைக் காப்பாற்றியது. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கானது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இப்படி இருக்கிறார்கள். 2021-ல் மாநில அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, புது வீடுகள் அறிவித்தது, மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும் மற்ற பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆகவும் உயர்த்தியது. இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் அரிசி மளிகைக்குச் சரியாகப் போகும். மீதியெல்லாம் அப்பாவின் பெயின்ட் வேலையும் அம்மாவின் ஜவுளிக்கடைச் சம்பளமும். முகாம் ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் பெயின்டர்கள் என்று சொன்னால் முகாமில் யாரும் மறுக்கமாட்டார்கள். பெரிய வேலை கோயம்புத்தூரில் கிடைக்கும், கேரளாவில் கிடைக்கும். ஆனால் செக்கிங் நாளில் ஆள் முகாமில் இருக்க வேண்டும். அதிகாரி வந்து பெயர் வாசிக்கும்போது இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும், பதிவிலிருந்து பெயரே போய்விடும் என்ற பயமும் உண்டு.

முதலில் உடம்பு

மயக்கம் என்றதும் மனசைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிடக் கூடாது. மூத்தவளை அம்மாவோடு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.9, அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் கைக்குட்டையில் சுருட்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், குமட்டினால் வகுப்பிலிருந்து எழுந்து போக வேண்டும், எழுந்து போனால் எல்லாரும் பார்ப்பார்கள். காரணம் அவ்வளவுதான். இரவு பதினொன்றரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்து படிக்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். மற்றவர்கள் தூங்கும் நேரம்தான் அவளுக்குப் படிப்பு நேரம்.

தலைவலி, தொண்டையில் எதோ அடைத்த மாதிரி உணர்வு, அவ்வப்போது நெஞ்சுப் படபடப்பு. தைராய்டு, கண் எல்லாம் பார்த்தாகிவிட்டது, கோளாறு இல்லை. செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்று நேராகக் கேட்டேன். இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "செத்துப்போகத் தோணல மிஸ். ஒருநாள் யாரும் எதுவும் கேக்காம இருந்தா நல்லாருக்கும்னு தோணும்" என்றாள். திட்டமோ முயற்சியோ இல்லை. இருந்தாலும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-ஐ எழுதிக் கொடுத்து, எப்போது கூப்பிட வேண்டும் என்பதையும் பேசிவைத்தேன்.

பிள்ளைகளின் பலம், சிரமம் பற்றி 25 வரிகளில் கேட்கும் ஒரு கேள்வித்தாளை இருவரும் நிரப்பினார்கள். தாளில் மூத்தவள் ஏறக்குறைய குறையே இல்லாத பிள்ளை. இளையவன் நடத்தைப் பிரச்சினையில் எல்லையைத் தாண்டியிருந்தான். தாளை மட்டும் நம்பியிருந்தால் பள்ளி சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

டைரி

தலைவலி வரும் நாட்களைப் பள்ளி டைரியில் ஒரு புள்ளி வைத்துக் குறிக்கச் சொன்னேன். காரணம் எதுவும் எழுத வேண்டாம், புள்ளி மட்டும். பிளஸ் டூ மாணவி என்றால் புள்ளிகள் தேர்வு நாட்களில்தான் கூடும் என்று யாரும் நினைப்பார்கள். இவளுக்குத் தேர்வுகளைச் சுற்றி ஒரு புள்ளிகூட இல்லை. கணக்குத் தேர்வு நாளன்று நன்றாகத் தூங்கியிருக்கிறாள். புள்ளிகள் இரண்டு இடங்களில் குவிந்திருந்தன. ஒன்று, செக்கிங் நாளும் அதற்கு முந்தைய நாளும். இன்னொன்று, பள்ளியில் ஏதாவது படிவம் நிரப்பச் சொன்ன நாள்.

செக்கிங் நாளுக்கான காரணம் எளிது. அப்பா நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அதிகாரியிடம் மனுவோடு போய் நிற்பது மூத்தவள். அவளிடம் ஒரு நெகிழிக் கோப்பு இருந்தது. அதற்குள் குடும்ப அட்டையின் ஜெராக்ஸ் ஏழெட்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், வெள்ளைத்தாள், நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று. மனுவில் 'அனுப்புநர், பெறுநர், பொருள்' எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். 'எனது கணவர்' என்று தொடங்கும் அம்மாவின் மனு, 'எனது மருமகன்' என்று தொடங்கும் அம்மம்மாவின் மனு, இரண்டும் அவள் கையெழுத்து. அவளுடைய வரிசையில் பாதி வீடுகளுக்கு அவள்தான் மனு எழுதுகிறாள். வங்கிப் படிவம், கேஸ் இணைப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவளிடம்தான் வரும். பதின்மூன்று வயதில் தொடங்கிய வேலை.

அந்த வேலையைச் சுமை என்று மட்டும் எழுதினால் பொய்யாகும். அதைப் பற்றிப் பேசும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகாமில் பெரியவர்கள் எழுந்து நின்று வழிவிடுகிற ஒரே சின்னப் பெண் அவள்தான்.

படிவத்து நாட்களின் புள்ளிகளுக்கு விடை கிடைக்க இன்னும் சில வாரங்கள் ஆயின. அதற்குள் அவள் சமாளிக்கிற மற்ற வழிகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. முகாம் நிறுத்தத்தில் இறங்கமாட்டாள்; ஒரு நிறுத்தம் முன்னாலேயே பிங்க் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போவாள், கூட வரும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. பள்ளியில் அச்சு அசலாக மதுரைப் பேச்சு. 'ஓம்' என்பதும் 'கதைக்கிறது' என்பதும் முகாம் வாசலோடு நின்றுவிடும். ஒருமுறை என் முன்னால் அம்மாவின் போனை எடுத்தவள் இரண்டாவது வார்த்தையிலேயே பேச்சை மாற்றினாள்; குரல்கூட வேறாக இருந்தது. மதிய உணவில் சொதியும் இடியாப்பமும் வந்தால் திறக்கமாட்டாள். பிறந்தநாளுக்கு யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் மாலைவரை இருப்பாள். அங்கே யாரும் யாரிடமும் ஊர் கேட்பதில்லை என்றாள். அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் கேட்ட பாராட்டுகளில் இதுவே சிறந்தது.

1991-ல் போட்ட விதி

இவளுக்கு ஒளிக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அம்மம்மாவிடம் கேட்டேன். அவர் மடு மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னார். "நான்தான் பிள்ளை சொல்லிக் குடுத்தனான். வெளியில வாய் திறக்காதே, பேச்சுல கண்டுபிடிச்சுப்போடுவாங்கள் எண்டு." 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மீது விழுந்த சந்தேகப் பார்வை எப்படிப்பட்டது என்று அந்த வயதில் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது கோழைத்தனமாக இருந்திருக்காது, அதுதான் புத்தி. அம்மாவும் அதே விதியோடு வளர்ந்து, கடையில் பதினோரு வருடமாகத் தன்னை ராமநாதபுரத்துக்காரி என்று சொல்லிவருகிறார். மூன்றாவது தலைமுறைக்கு விதி மட்டும் வந்து சேர்ந்தது, விதி பிறந்த காரணம் வரவில்லை. மூத்தவளிடம் 1991 பற்றிக் கேட்டேன். பாடப்புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான் தெரியும்.

இளையவன் அந்த விதியைக் கழற்றிப் போட்டவன். "நான் கேம்ப்தான், இப்ப என்னாங்குற?" என்பது அவன் நிலை. முகாமில் பெரிய நண்பர் வட்டம், சாயங்காலம் கிரிக்கெட், சனிக்கிழமை சித்தப்பாவோடு பெயின்ட் வேலை, கையில் காசு. படுத்தால் தூங்கிவிடுவான். சட்டையைப் பிடித்த கதையை அவனிடமே கேட்டேன். அந்தப் பையன் 'கள்ளத்தோணி' என்று சொல்லியிருக்கிறான். பள்ளியின் கடிதத்தில் அந்த வார்த்தை இல்லை; சட்டை மட்டும் இருந்தது.

எப்படிப் புரிந்துகொண்டேன்

மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி 1984-ல் லாசரஸும் ஃபோக்மனும் வகுத்த பிரிவு இன்றும் கைகொடுக்கிறது. சில வழிகள் பிரச்சினையையே மாற்றப் பார்ப்பவை, சில வழிகள் பிரச்சினை தருகிற உணர்ச்சியைத் தாங்கப் பார்ப்பவை. முதலாவது உயர்ந்தது, இரண்டாவது தப்பித்தல் என்று பள்ளிக்கூடத்துத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்வார்கள். அது அரைகுறைப் பாடம். மாற்றக்கூடியதை மாற்றுவதும் மாற்ற முடியாததிலிருந்து கொஞ்சம் விலகி மூச்சு விடுவதும்தான் பொருந்துகிற வழி. மூத்தவள் எல்லாவற்றையும் உழைத்தே மாற்றிவிடப் பார்த்தாள், குடியுரிமைச் சட்டத்தையும் சேர்த்து. இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால் அதையும் படித்து முடித்துவிடலாம் என்பது போல.

இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் கறுப்பின மக்களின் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்த ஷெர்மன் ஜேம்ஸ், வாய்ப்பு குறைந்த இடத்தில் விடாமல் அளவுக்கு மீறி உழைத்துத் தடையை வெல்லப் பார்க்கிற குணத்துக்கு 1980-களில் ஜான் ஹென்றியின் பெயரை வைத்தார். ஜான் ஹென்றி அவர்களுடைய நாட்டார் கதை நாயகன். பாறை துளைக்கும் நீராவி எந்திரத்தோடு சுத்தியலால் போட்டியிட்டு, ஜெயித்து, அங்கேயே விழுந்து இறந்தவன். படிப்பும் வசதியும் குறைந்தவர்களில் இந்தக் குணம் மிகுந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததை ஜேம்ஸ் கண்டார். பிறகு ஜீன் பிராடியும் குழுவினரும் ஜார்ஜியாவின் கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வறுமையில் வளர்ந்தும் சிறு வயதிலேயே ஆசிரியர்கள் கெட்டிக்காரர் என்று சொன்ன பிள்ளைகள், பத்தொன்பது வயதில் மனச்சோர்வும் தப்பான பழக்கங்களும் குறைந்தவர்களாக இருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், அழுத்தச் சுரப்புகள் போன்ற உடல் அளவுகளில் அவர்களிடம் தேய்மானம் தெரிந்தது. வெளியே ஜெயம், உள்ளே செலவு.

அந்தப் பிள்ளைகள் தம் நாட்டில் குடிமக்கள், அவர்களுக்கு எதிரில் நின்றது நிறவெறி. மூத்தவளுக்கு எதிரில் நிற்பது ஒரு காகிதம். அவள் நிறமும் மொழியும் பக்கத்து பெஞ்சுப் பெண்ணுடையதேதான். இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் 'நல்லாப் படிக்கிற பிள்ளை, அதுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை' என்ற வாக்கியத்தை இதற்குப் பிறகு நான் எந்த ஆசிரியர் அறையிலும் சும்மா விடுவதில்லை.

வெற்றுக் கட்டம்

கல்லூரி விண்ணப்பங்களுக்கான மாதிரிப் படிவத்தை வகுப்பில் எல்லாரும் நிரப்பிக் கொடுத்தார்கள். மூத்தவளின் படிவத்தில் 'நாட்டினம்' என்ற கட்டமும் 'சேர விரும்பும் படிப்பு' என்ற கட்டமும் காலியாக இருந்தன. வகுப்பாசிரியர் இரண்டாவதை மறதி என்று எடுத்துக்கொண்டு, 'எம்.பி.பி.எஸ்.' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். முகாமுக்கே தெரியும், பள்ளிக்கே தெரியும், அவள் டாக்டராகப் போகிறவள்.

படிவத்தை அவள் முன் வைத்தேன். வெகுநேரம் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது நடக்காது மிஸ். கவர்ன்மென்ட் சீட்டுக்கு இந்தியன் சிட்டிசனா இருக்கணும். பிளஸ் ஒன் சேரும்போதே ப்ராஸ்பெக்டஸ் பாத்துட்டேன்."

"வீட்டில் சொன்னியா?"

"யாருக்கும் தெரியாது."

ஒன்றரை வருடம். பள்ளியிடம் முகாமை மறைத்தாள், முகாமிடம் சட்டத்தை மறைத்தாள். அம்மம்மா அண்டை வீட்டாரிடம் "எங்கட பிள்ளை டாக்குத்தர்" என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டு, மூன்றரை மணிக்கு எழுந்து உயிரியல் படித்தாள். யாருக்காக என்று கேட்டேன். "நான் படிக்கிறதப் பாத்துட்டுத்தான் தம்பி ஸ்கூலுக்குப் போறான்" என்றாள்.

என்ன செய்தோம்

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், அது பத்து நிமிட வேலை. மீதி வேலையெல்லாம் மூத்தவளிடமிருந்து எதையெதைப் பெரியவர்கள் திரும்ப வாங்கிக்கொள்வது என்பதில்தான் இருந்தது.

அப்பாவை ஒரு செக்கிங் நாளில் பிடித்தேன். அன்றுதான் ஊரில் இருப்பார். மனுக்களை நீங்களே எழுதலாமே என்றேன். "எனக்கு எழுத வராது மிஸ்" என்றார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். வேலைக் கணக்கு நோட்டில் அவர் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசியதும் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸில் வாய் திறந்தால் தன் பேச்சைக் கேட்டு ஏதாவது கேட்டுவிடுவார்கள், மகள் பேசினால் உள்ளூர்ப் பிள்ளை மாதிரி இருக்கும், மதிக்கிறார்கள். அதாவது அப்பா தன் பயத்தைச் சமாளித்த வழி மகள். இதை அவரிடம் இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லவில்லை. மூத்தவளின் டைரியைக் காட்டினேன். புள்ளிகளைத் தேதியோடு பொருத்திப் பார்த்தார். "இண்டைக்கு நானே குடுக்கிறன்" என்று எழுந்து போனார்.

வரிசை வீடுகளின் மனுக்களுக்கு வேறு ஏற்பாடு. அதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்கு மரியாதை கிடைத்த இடம் அது. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மட்டும், கூடவே கல்லூரியில் படிக்கும் இரண்டு முகாம் அக்காமார் உட்கார்ந்து பழகிக்கொள்வது என்று முடிவானது. முகாம்களில் 1984 முதல் வேலை செய்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளின் மாலை வகுப்புகளில் படித்து வந்தவர்கள் அந்த அக்காமார். உட்கார வைக்க எனக்குச் சிரமமே இல்லை.

சட்டத்தை வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவளே சொல்வதாக இருந்தாள், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். சொன்னாள். அம்மா அழுதார். இளையவன் எழுந்து வெளியே போய்விட்டான். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதையோ இவ்வளவு காலமும் உனக்குள்ள வச்சிருந்தனி?" என்று கேட்டார். பிறகு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

மருத்துவம் மூடிய கதவென்றால் திறந்திருப்பது எது என்று உட்கார்ந்து பார்த்தோம். பொறியியல் சேரும் முகாம் மாணவர்களில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பது 2021 அறிவிப்பில் உண்டு. மூத்தவளுக்குப் பொறியியலில் நாட்டமில்லை. கணக்கில் உண்டு, தேர்வு நாளில் புள்ளி வைக்காத பாடம். எனக்கு உள்ளூர ஒரு சபலம் இருந்தது, வழக்கு போடலாம், சட்டம் மாறலாம் என்றெல்லாம் சொல்லி அவளைத் தேற்றிவிடலாம் என்று. அது என்னைத் தேற்றிக்கொள்ளும் பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

பள்ளியில் இரண்டு காரியங்கள். உதவித்தொகைப் பட்டியலுக்காக "கேம்ப் பிள்ளைங்கெல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பில் நிற்க வைக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, அலுவலகத்தில் தனித்தனியே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். தலைமையாசிரியர் உடனே ஒத்துக்கொண்டார்; யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. 'கள்ளத்தோணி' விஷயத்துக்கு அவ்வளவு சுலபத்தில் வழி பிறக்கவில்லை. 'பசங்க விளையாட்டுக்குச் சொல்றது' என்றார்கள். பெண்பிள்ளையைப் பேர் சொல்லிக் கிண்டல் செய்தாலும் விளையாட்டுத்தானா என்று கேட்ட பிறகுதான் சொன்ன பையனின் பெற்றோரையும் அழைத்தார்கள். இளையவனின் டி.சி. பேச்சு அதோடு அடங்கியது. சாரத்தில் ஏறுகிற வேலைக்குப் பதினெட்டு நிறையாமல் போகக் கூடாது என்று சித்தப்பாவிடம் கறாராகச் சொல்லியாகிவிட்டது. லீவு நாளில் தரையில் நின்று பட்டி பார்க்கிற வேலைக்கு மட்டும் போகிறான். அதையும் நான் விரும்பவில்லை, ஆனால் அவன் தூக்கத்தின் ஒரு பங்கு அந்தக் காசில் இருக்கிறது.

முகாம் பற்றி யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பதை மூத்தவளின் கையிலேயே விட்டேன். எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடு, பாரம் இறங்கிவிடும் என்பது மேடைக்கு நன்றாக இருக்கும். மறைப்பதற்கு நியாயமான காரணங்கள் இன்னும் இருக்கின்றன. அவள் ஒரே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாள். நூலகத்துக்குக் கூட வரும் சௌராஷ்டிரப் பெண், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற குடும்பம். அவள் பதில்: "அதுக்குத்தான் தெனமும் முந்துன ஸ்டாப்புல எறங்கி வெயில்ல நடக்குறியாடி? நாங்க வீட்டுல பேசுறது உனக்கு ஒரு வார்த்தை புரியுமா? நான் என்ன எறங்கியா நடக்கேன்?" மதுரையில் நூற்றாண்டுகளாக வேர்விட்ட சிறுபான்மைக்கும் முப்பத்தைந்து வருடமாகப் பதிவேட்டில் இருக்கிற சிறுபான்மைக்கும் தூரம் அதிகம். ஆனாலும் அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து முகாம் நிறுத்தத்தில் இறங்கினார்கள். அம்மம்மா இடியாப்பமும் சொதியும் கொடுத்திருக்கிறார்.

தொடர்ந்து பார்த்ததில்

2025 மேயில் முடிவுகள் வந்தபோது அவள் எதிர்பார்த்த மதிப்பெண்ணைவிடக் கொஞ்சம் குறைவு. மதுரையிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். ஹீமோகுளோபின் 11.4-க்கு வந்திருக்கிறது, மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு போடுகிறாள். ஐந்தரைக்கு எழுகிறாள். தலைவலிப் புள்ளிகள் நிற்கவில்லை. செக்கிங் நாளில் இன்னும் வருகிறது, முந்தைய நாளில் வருவதில்லை. கல்லூரியில் இதுவரை யாரிடமும் முகாமைச் சொல்லவில்லை. மதுரைப் பேச்சுத்தான். அதில் நான் தலையிடவில்லை.

செப்டம்பரில் அப்பா ஒரு செய்தித்தாள் துண்டோடு வந்தார். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்த செய்தி. குடியுரிமை வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, தண்டனை இல்லை என்பது மட்டும்தான் என்றேன். துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இதைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதலாமா என்று கேட்டார். எழுதியது அவரேதான், மகளிடம் எழுத்துப்பிழை பார்க்க மட்டும் கொடுத்தாராம்.

இளையவன் பத்தாம் வகுப்பில் தேறி பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்திருக்கிறான். "அக்காகிட்டதான் எல்லாம் கேக்குறீங்க, என்கிட்ட ஒண்ணும் கேக்கலையே" என்று ஒருநாள் கேட்டான். வீட்டில் எழுந்து போனானே, அன்றைய பேச்சை இன்னும் அவனோடு முடிக்கவில்லை. அவன் கோப்பு திறந்தே இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு லீவில் வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பெயின்ட் வேலை இல்லையென்றால் வருகிறேன் என்றிருக்கிறான்.